மருந்து உடலில் எவ்வளவு? நோய் அடங்கியது எவ்வளவு?

(அழற்சி அடக்கும் மருந்துகளைப் பயன்படுத்தும் பியர்பொன்ட்ஸ் வாழ் தமிழ் மக்களுக்காக ஆற்றப்பட்ட உடல்நல விளக்கவுரையின் எழுத்து வடிவம்)



மருந்தகத்தின் மேசைக்குப் பின்னால் நிற்பவர்களிடம் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் வினாக்கள் இரண்டு உண்டு. ஒன்று: "ஒரு குளிசை போட்டும் நோ குறையவில்லை, இரண்டு போட்டால் என்ன?" மற்றொன்று: "இப்போது எந்த வருத்தமும் இல்லையே, பிறகு எதற்கு இந்த மருந்து?" முதல் வினா மருந்தைக் கூட்டச் சொல்கிறது, இரண்டாவது வினா மருந்தை நிறுத்தச் சொல்கிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே ஐயம்தான். உடலில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் நோய் எவ்வளவு அடங்குகிறது என்பதற்கும் என்ன தொடர்பு? அந்தத் தொடர்பை இன்று இயன்றவரை எளிமையாக விளக்க முயல்கிறேன்.

அழற்சியும் மருந்தின் ஏற்ற இறக்கமும்

காயம் பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடேறி, நோகிறது. கிருமியை எதிர்க்கவும் சிதைந்த இழையத்தைச் சீர்செய்யவும் உடல் மேற்கொள்ளும் இந்தச் செயலையே அழற்சி என்கிறோம். தேவை முடிந்ததும் அது அடங்கிவிட வேண்டும். அடங்காமல் தொடர்ந்தால் மூட்டுகளில் முடக்குவாதமாகவும், குடலில் குரோன் நோயாகவும் பெருங்குடற் புண் அழற்சியாகவும், தோலில் சொரியாசிசாகவும் வெளிப்படுகிறது. இருதயத்துக்குச் செல்லும் குருதிக் குழாய்களில் கொழுப்புப் படிவதிலும் அழற்சிக்குப் பங்கு உண்டு என்பது இப்போது தெளிவாகியுள்ளது.

நாம் விழுங்கும் மருந்து குருதியில் ஏறுகிறது. ஓர் உச்சத்தை அடைகிறது. பின்னர் ஈரலாலும் சிறுநீரகத்தாலும் அகற்றப்பட்டு இறங்குகிறது. உடலிலுள்ள மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை அரைவாழ்வுக் காலம் என்பார்கள். ஐபுபுறோஃபெனுக்கு அது ஏறத்தாழ 2 மணி நேரம். நப்ரோக்செனுக்கு 12 முதல் 17 மணி நேரம். இதனாலேயே முன்னதை நாளொன்றுக்கு மூன்று நான்கு முறையும், பின்னதை இரண்டு முறையும் எடுக்கச் சொல்கிறார்கள். குளிசைக்கும் குளிசைக்கும் இடையில் விடும் நேரம் இந்தக் கணக்கின்படி அமைந்தது.

கூரையைத் தாண்டாத நோ மருந்துகள்

ஐபுபுறோஃபென் 200 மில்லிகிராம் எடுத்தால் ஓரளவு நோ குறையும். 400 மில்லிகிராம் எடுத்தால் கூடுதலாகக் குறையும். அதற்கு மேல் ஒரே வேளையில் அளவைக் கூட்டும்போது, சாதாரண நோவைப் பொறுத்தவரை, பயன் அதே விகிதத்தில் கூடுவதில்லை. வீட்டுக் கூரையைப் போல ஓர் எல்லை இருக்கிறது. அதன் மேல் ஏற வழியில்லை. பக்கவிளைவுகளுக்கு அத்தகைய கூரை கிடையாது. இரைப்பையில் புண்ணும் குருதிக் கசிவும், சிறுநீரகத்துக்குக் கேடும், குருதியமுக்க உயர்வும் அளவு கூடக் கூட வளர்ந்துகொண்டே போகும். மருத்துவரின் எழுத்தின்றி வாங்கும் ஐபுபுறோஃபெனை ஒரு நாளில் 1200 மில்லிகிராமுக்கு மேல் எடுக்க வேண்டாம் எனக் கனடாவில் பொட்டலத்தின் மீதே எழுதியிருப்பது இதனால்தான்.

நம் வீடுகளில் மருந்தின் அளவு நமக்குத் தெரியாமலே இரட்டிப்பாவதும் உண்டு. அட்வில், மோட்ரின் ஆகிய இரண்டும் ஐபுபுறோஃபெனே. அலீவ் என்பது நப்ரோக்சென்; பெயர் வேறாயினும் அதே குடும்பம். சில தடிமன் மருந்துகளிலும் ஐபுபுறோஃபென் கலந்திருக்கிறது. ஊரிலிருந்து வருவோர் கொண்டுவரும் டைக்குளோஃபினாக் குளிசைகளும் இந்தக் குடும்பத்தவையே. கனடாவில் அக்குளிசையை மருத்துவரின் எழுத்தின்றி வாங்க முடியாது. காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றுமாக எடுப்பவர் இரண்டு வேறு மருந்துகளை எடுப்பதாக எண்ணுவார். அவருடைய சிறுநீரகத்துக்கு இரண்டும் ஒரே சுமைதான். நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் உள்ளவர்கள், அதிலும் அமுக்கக் குளிசையோடு சிறுநீர் பிரிக்கும் குளிசையும் எடுப்பவர்கள், இவ்வகை மருந்தை மருந்தாளரிடம் கேட்காமல் தொடக் கூடாது.

பனடோல் என்று ஊரில் வாங்கியதும் டைலனோல் என்று இங்கே வாங்குவதும் ஒரே மருந்து. அது நோவையும் காய்ச்சலையும் குறைக்கும். வீங்கிய மூட்டின் அழற்சியை அடக்குவது அதன் வேலையன்று.

அஸ்பிரினின் வரலாறும் நமக்கு ஒரு பாடம். இருதயத்துக்காக நாள்தோறும் எடுக்கும் 81 மில்லிகிராம் அஸ்பிரின், குருதித் தட்டுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. முழங்கால் அழற்சியை அது தணிப்பதில்லை. அழற்சியை அடக்க வேண்டுமானால் நாளொன்றுக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் தேவை. சென்ற நூற்றாண்டில் முடக்குவாதத்துக்கு அஸ்பிரின் கொடுத்த மருத்துவர்கள், நோயாளியின் காதில் இரைச்சல் கேட்கும்வரை அளவைக் கூட்டி, பின்னர் சற்றுக் குறைப்பார்கள். குருதியில் மருந்தளவைப் பார்க்கும் வசதி பரவாத காலத்தில் காதே அளவுகோலாக இருந்தது. ஒரே மருந்து, ஓரளவில் ஒரு வேலையும் மற்றோர் அளவில் வேறொரு வேலையும் செய்கிறது என்பதை இதனால் அறிகிறோம்.

கார்த்திகைப்பூவுக்குள் இருக்கும் மருந்து

ஈழத்தில் நாம் கார்த்திகைப்பூ என்றும், தமிழ்நாட்டில் செங்காந்தள் என்றும் அழைக்கும் மலரை இங்குள்ள பெரியோர் அனைவரும் அறிவர். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. அதன் கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்னும் பொருள் இருக்கிறது. அதை எடுப்பதற்காகவே தமிழ்நாட்டில் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் இச்செடியைப் பயிரிட்டு விதையை விற்கிறார்கள். ஐரோப்பாவில் வேறொரு செடியிலிருந்து பெல்லெத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் இருவர் 1820ஆம் ஆண்டில் இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகத் தங்குவதால் வரும் கௌட் என்னும் வாதத்துக்கு இன்றும் கொல்சிசின் கொடுக்கப்படுகிறது.

அதே கிழங்கை உணவுக் கிழங்கு எனப் பிழையாக எண்ணி உண்டவர்கள் நச்சுப்பட்ட நிகழ்வுகள் இலங்கையின் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. முதலில் வாந்தியும் வயிற்றோட்டமும்; பின்னர் குருதிக் கலங்கள் குறைதல், உறுப்புகள் செயலிழத்தல்; பிழைத்தவர்களுக்கு மயிர் உதிர்தல். மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையிலான இடைவெளி கொல்சிசினில் மிகக் குறுகியது. ஆகவே நாட்டு மருந்தென்று கருதி அக்கிழங்கை எவரும் வீட்டில் கையாளலாகாது.

கௌட் நோவுக்கு முன்னர் கொல்சிசினை மணிக்கொரு தடவை, வயிற்றோட்டம் தொடங்கும்வரை கொடுப்பது வழக்கமாக இருந்தது. 2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இவ்வழக்கத்தைச் சோதித்தது. 184 நோயாளிகளில் ஒரு பிரிவினர் ஒரு மணி நேரத்துக்குள் மொத்தம் 1.8 மில்லிகிராமும், இன்னொரு பிரிவினர் ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராமும், மூன்றாம் பிரிவினர் மருந்தில்லாத குளிசையும் பெற்றனர். ஒரு நாளில் நோ பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் குறைந்த அளவுப் பிரிவில் நூற்றுக்கு 38 பேர். கூடிய அளவுப் பிரிவில் 33 பேர். வெறுங்குளிசைப் பிரிவில் 16 பேர். வயிற்றோட்டம் கண்டவர்களோ குறைந்த அளவில் நூற்றுக்கு 23 பேர். கூடிய அளவில் 77 பேர். இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட மருந்தினால் நோ கூடுதலாகக் குறையவில்லை. துன்பம் மட்டும் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. குருதியில் மருந்து எட்டிய உச்சமும் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. கூடிய அளவு எடுத்தவர்களின் உடலில் அது நீண்ட நேரம் தங்கியதே வேறுபாடு.

இம்மருந்து குருதியின் நீர்ப்பகுதியை விட்டு வெண்குருதிக் கலங்களுக்குள் போய்த் தங்கும் இயல்புடையது. ஒரு வேளை மருந்து எடுத்து நாட்கள் பல சென்ற பின்னரும் அக்கலங்களில் அது காணப்படும். மத்தியதரைக் கடல் நாட்டவரிடையே காணப்படும் பரம்பரைக் காய்ச்சல் ஒன்றுக்கும் கொல்சிசினே மருந்து. அது பயன்தராத நோயாளிகளையும் பயன்தந்த நோயாளிகளையும் இஸ்ரேலில் ஒப்பிட்டு, 2004ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். குருதி நீரில் மருந்தளவு இரு சாராருக்கும் ஒத்திருந்தது. கலங்களுக்குள் பார்த்தபோது, பயன் பெறாதவர்களிடம் மருந்து குறிப்பிடத்தக்க அளவு குறைவாக இருந்தது. மருந்து வேலை செய்யும் இடத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பதே முதன்மையானது. குருதியில் எவ்வளவு என்பது அதற்கு ஓர் அடையாளம் மட்டுமே.

மொன்றியலில் நடந்த ஆய்வு

இந்தக் கொல்சிசினுக்கும் நம் நகரத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1954ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மொன்றியல் இருதய நிறுவகத்தில் மருத்துவர் ஜான்-குளோட் தார்திஃப் தலைமையில், மாரடைப்பு வந்து 30 நாட்களுக்குட்பட்ட 4745 பேரைக் கொண்டு 12 நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதியினருக்கு நாள்தோறும் 0.5 மில்லிகிராம் கொல்சிசினும், மறுபாதியினருக்கு வெறுங்குளிசையும் கொடுத்தனர். முடிவு 2019 நவம்பரில் வெளியாயிற்று. சராசரியாக இரண்டாண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில், மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம், இருதய நோயால் இறப்பு முதலியவற்றில் ஒன்றைச் சந்தித்தவர்கள் வெறுங்குளிசைப் பிரிவில் நூற்றுக்கு 7.1, கொல்சிசின் பிரிவில் 5.5. அதாவது, ஆயிரம் பேருக்குப் பதினாறு பேர் குறைவு. நுரையீரல் அழற்சி மட்டும் மருந்துப் பிரிவில் சிறிது கூடுதலாக இருந்தது.

நாட்பட்ட இருதய நோயாளிகளிடம் நடந்த வேறோர் ஆய்வும் 2020இல் இதே திசையைக் காட்டியது. கனடாவில் 2021ஆம் ஆண்டில் இருதய நோயாளிகளுக்கு இக்குறைந்த அளவு அனுமதிக்கப்பட்டது. ஆயினும் 2024ஆம் ஆண்டில், மாரடைப்பு வந்தவர்கள் 7062 பேரிடம் ஹமில்டனைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்த பெரிய ஆய்வில், மருந்துப் பிரிவில் 9.1 விழுக்காடு, வெறுங்குளிசைப் பிரிவில் 9.3 விழுக்காடு எனப் பயன் எதுவும் தென்படவில்லை. ஆகவே இம்மருந்து எல்லா இருதய நோயாளிகளுக்கும் உரியதன்று. உங்களுக்கு உரியதா என்பதை உங்கள் இருதய மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

கொல்சிசின் எடுப்பவர்கள் நினைவில் இருத்த வேண்டியவை மூன்று. முதலாவது: கனடாவில் கௌட் வாதத்துக்குக் கிடைக்கும் குளிசை 0.6 மில்லிகிராம்; இருதயத்துக்கானது 0.5 மில்லிகிராம். இரு மருத்துவர்கள் இரு நோய்களுக்காக எழுதியதை ஒருவரே சேர்த்து எடுத்துவிடக் கூடாது. இரண்டாவது: கிளாரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி, கொல்சிசினை உடலிலிருந்து அகற்றும் நொதியத்தையும், கலங்களிலிருந்து அதை வெளியேற்றும் புரதத்தையும் தடுத்துவிடும். குளிசை ஒன்றுதான், உடலில் தேங்குவதோ பன்மடங்கு. ஹொங்கொங்கில் 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், இரண்டையும் ஒரே காலத்தில் பெற்ற 88 நோயாளிகளில் 9 பேர் இறந்தனர். சில குருதியமுக்க மருந்துகளும் பூஞ்சணக்கொல்லிகளும் இவ்வாறே மருந்தளவை உயர்த்தும். மூன்றாவது: சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு வழக்கமான அளவும் கூடுதலாகிவிடும். மார்புச் சளிக்காக வேறொரு மருத்துவரிடம் செல்லும்போதும், "நான் கொல்சிசின் எடுக்கிறேன்" என்று சொல்லத் தவறாதீர்கள். அந்த ஒரு சொல் உயிரைக் காக்கும்.

ஊசி மருந்துகளும் அடிமட்ட அளவும்

முடக்குவாதம், குரோன் நோய், பெருங்குடற் புண் அழற்சி, சொரியாசிசு ஆகியவை கடுமையாக உள்ளவர்களுக்கு இன்ஃபிளிக்சிமாப், அடலிமுமாப் முதலிய உயிரியல் மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்வதே இவற்றின் வேலை. இன்ஃபிளிக்சிமாப் நாளம் வழியாக ஏற்றப்படுவது. வழக்கமாக முதல் நாளிலும் 2ஆம், 6ஆம் வாரங்களிலும், பின்னர் 8 வாரங்களுக்கு ஒரு முறையும் கொடுப்பார்கள். அடலிமுமாப் தோலுக்கடியில் போடப்படுவது. பெரும்பாலும் இரு வாரங்களுக்கு ஒரு முறை.

அடுத்த ஊசிக்குச் சற்று முன்னர் குருதியில் மருந்து மிகக் குறைந்திருக்கும். அந்நேரத்தில் எடுக்கும் அளவை அடிமட்ட அளவு எனலாம். கிணற்றில் நீர் எவ்வளவு என்பதைக் கோடையின் இறுதியில் பார்ப்பது போன்றது இது. அங்கே நீர் நின்றால் ஆண்டு முழுவதும் நீர் உண்டு எனக் கொள்ளலாம். குடல் அழற்சி நோயில் மருந்து பயன்தந்துகொண்டிருக்கும் காலத்துக்கு இன்ஃபிளிக்சிமாப் ஒரு மில்லிலீற்றர் குருதி நீரில் 3 முதல் 7 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் எனப் பெல்ஜியத்தின் லுவென் நகரில் நடந்த ஆய்வு இலக்கு வைத்தது. நோய் மீண்டும் தலைதூக்கியவர்களுக்கு இன்ஃபிளிக்சிமாப் 5, அடலிமுமாப் 7.5 மைக்ரோகிராமுக்குக் குறையாதிருக்க வேண்டும் என அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2017இல் பரிந்துரைத்தது.

அளவு குறைவதற்கான காரணங்களுள் முதன்மையானது பிறபொருளெதிரி. மருந்தும் ஒரு புரதமாகையால், உடல் அதை அந்நியன் எனக் கருதி அதற்கெதிராகத் தன் படையைத் திரட்டுகிறது. திரண்ட படை மருந்தைப் பிடித்து வெளியேற்றிவிடும். முடக்குவாதத்துக்கு அடலிமுமாப் பெற்ற 272 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்த நெதர்லாந்து ஆய்வு, நூற்றுக்கு 28 பேரிடம் இத்தகைய பிறபொருளெதிரி தோன்றியதை 2011இல் எடுத்துரைத்தது. அவர்களிடம் மருந்தளவும் தாழ்ந்திருந்தது; நோய் அடங்கியவர்களும் குறைவு. மெதொற்றெக்சேற் முதலிய மருந்தை உடன் எடுப்பவர்களிடம் பிறபொருளெதிரி குறைவாகவே தோன்றுகிறது. "ஊசி போடுகிறேனே, இந்தச் சிறு குளிசை எதற்கு?" என்று அதை ஒதுக்கிவிடுவோர் அது ஊசிக்கும் காவலாக நிற்பதை அறிய வேண்டும்.

அடிமட்ட அளவையும் பிறபொருளெதிரியையும் சேர்த்துப் பார்க்கும்போது மருத்துவருக்கு வழி தெளிவாகிறது. மருந்து போதிய அளவு இருந்தும் நோய் அடங்கவில்லையென்றால், நோய் வேறொரு பாதையில் ஓடுகிறது. வேறு வகை மருந்து தேவைப்படலாம். மருந்து குறைவு, பிறபொருளெதிரியும் இல்லை என்றால், அளவைக் கூட்டலாம் அல்லது இடைவெளியைக் குறைக்கலாம். மருந்து குறைந்து பிறபொருளெதிரி மிகுந்திருந்தால், அதே மருந்தைக் கூட்டுவதில் பெரும்பாலும் பயனில்லை, மாற்ற வேண்டியிருக்கும். ஒரே வயிற்றுவலிக்கு மூன்று வேறு முடிவுகள். குருதிச் சோதனை இல்லாமல் இம்மூன்றையும் பிரித்தறிவது கடினம்.

அளவு காரணமா, விளைவா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மருந்தளவு தாழ்ந்தவர்களிடம் நோய் மிகுதி என்று கண்டவுடன், தாழ்வே நோய்க்குக் காரணம் என முடிவுகட்டிவிட முடியாது. கடுமையாக அழன்ற குடல், மருந்தை மலத்தின் வழியே இழந்துவிடுகிறது. மிகுந்த அழற்சி மருந்தை விரைந்து செலவழிக்கிறது. அத்தகையவரிடம் தாழ்ந்த அளவு நோயின் விளைவாகவும் இருக்கலாம்.

இதனை நோர்வே நாட்டில் இரு கட்டமாகச் சோதித்தார்கள். இன்ஃபிளிக்சிமாப் தொடங்கும் 411 பேரில், ஒரு சாராருக்கு மருந்தளவைப் பார்த்துப் பார்த்து மாற்றியும், மறுசாராருக்கு வழக்கப்படியும் கொடுத்தனர். 30ஆம் வாரத்தில் நோய் அடங்கியவர்கள் இரு பிரிவிலும் ஏறத்தாழ நூற்றுக்கு ஐம்பது பேர், வேறுபாடு இல்லை. ஆனால், மருந்தைத் தொடர்ந்து பெற்றுவந்த 458 பேரிடம் நடந்த இரண்டாம் கட்டத்தில், ஓராண்டு முழுவதும் நோய் தலைதூக்காதிருந்தவர்கள் அளவைக் கண்காணித்த பிரிவில் நூற்றுக்கு 74 பேர். கண்காணிக்காத பிரிவில் 56 பேர். இவ்விரு முடிவுகளும் 2021ஆம் ஆண்டில் வெளியாயின. ஆகவே தொடக்கத்தில் எல்லாருக்கும் இச்சோதனை வேண்டுமென்று வற்புறுத்தத் தேவையில்லை. நீண்டகாலமாக மருந்து எடுப்பவர்கள், "என் மருந்தளவைப் பார்ப்பது பயன்தருமா?" என்று கேட்பது முறையான வினாவே.

உயிரொத்த மருந்துக்கு மாறுவது பற்றியும் ஒரு சொல். கியூபெக் அரசின் பொது மருந்துக் காப்புறுதியில் உள்ளவர்கள் பெரும்பாலோர், 2022 ஏப்ரலுடன் மூல உயிரியல் மருந்திலிருந்து அதனை ஒத்த மருந்துக்கு மாற்றப்பட்டனர். விலை குறைவு என்பதால் தரமும் குறைவோ என்று அஞ்சியவர்கள் உண்டு. இன்ஃபிளிக்சிமாப் பெற்ற 482 பேரிடம் நோர்வேயில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு, மாறியவர்களின் நிலை மாறாதவர்களைவிடத் தாழ்ந்ததாகக் காட்டவில்லை. மருந்தளவும் ஒத்தே இருந்தது.

ஊருக்குச் செல்லும்போது

நம் சமூகத்தில் மருந்தளவு தாழ்வதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு, அதுவே ஊர்ப்பயணம். திருமணம், திருவிழா, தாய்தந்தையரின் நோய் என ஆறு வாரம், எட்டு வாரம் சென்று வருகிறோம். "திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம்" என்று ஓர் ஊசியைத் தள்ளிவைப்பது எளிது. ஆனால் மருந்து வடிந்துபோன உடலில் பிறபொருளெதிரி தோன்ற வாய்ப்பு மிகுதி. நீண்ட இடைவெளிக்குப் பின் அதே மருந்தை ஏற்றும்போது ஒவ்வாமை வரலாம். மருந்து பயனற்றும் போகலாம். இவ்வகை நோய்களுக்குக் கைவசமுள்ள மருந்துகள் எண்ணிக்கையில் சிலவே. பயனுள்ள ஒன்றை ஒரு பயணத்துக்காக இழப்பது பேரிழப்பு.

எனவே பயணச்சீட்டு வாங்குமுன் மருத்துவமனைத் தாதியிடம் திகதிகளைச் சொல்லுங்கள். ஊசியை முற்படுத்தவோ பயணத்தை மாற்றவோ இயலும். அடலிமுமாப் போன்றவற்றை 2 முதல் 8 பாகைக் குளிரில் வைத்திருக்க வேண்டும், உறையவிடக் கூடாது. விமானத்தில் கைப்பையிலேயே கொண்டுசெல்லுங்கள். மருத்துவரின் கடிதமும் உடனிருக்கட்டும்.

இவ்வூசிகள் உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பக்கூடியவை. அதனால்தான் தொடங்குமுன் காசநோய்ச் சோதனை செய்கிறார்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் பிறந்தவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஊர் சென்று வந்தபின் நீடித்த இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு ஏதேனும் தோன்றினால் தாமதியாமல் தெரிவியுங்கள்.

எங்கே, எவ்வாறு கேட்பது?

எல்லா மருந்துகளையும் ஒரே மருந்தகத்தில் பெறுவது முதற் காவல். அவ்வாறு செய்தால் உங்கள் முழுக் கோவையும் மருந்தாளரின் கண்முன் இருக்கும். ஒன்றுக்கொன்று ஒவ்வாத மருந்துகள் அங்கேயே தடுக்கப்படும். கடையில் நீங்களே எடுத்த குளிசை, ஊரிலிருந்து வந்த சூரணம், கசாயம் யாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். கியூபெக்கில் 2015ஆம் ஆண்டு முதல் மருந்தாளர்களுக்கு, மருந்துச் சீட்டின் காலத்தை நீடிக்கவும், சில நிலைகளில் அளவைச் சரிசெய்யவும் அதிகாரம் உண்டு. அவரிடம் கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

அவசரமற்ற உடல்நல ஐயங்களுக்கு 811 என்னும் எண்ணை அழைத்தால் தாதி ஒருவர் வழிகாட்டுவார். மருந்தோ நச்சுக் கிழங்கோ அளவுக்கு மீறி உட்கொண்ட ஐயம் இருந்தால், கியூபெக் நச்சுத்தடுப்பு நிலையத்தை 1 800 463 5060 என்னும் எண்ணில் உடனே அழைக்க வேண்டும். மூச்சுத் திணறல், மயக்கம், நெஞ்சு நோ என்றால் 911. உள்ளூர்ச் சமூகநல நிலையத்திலோ மருத்துவமனையிலோ சந்திப்பு நேரம் பெறும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் எனக் கேளுங்கள். பாடசாலைப் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் செல்வதைத் தவிர்ப்பது நன்று. குடல் நோயைப் பற்றித் தன் பிள்ளையின் வாயிலாகச் சொல்லக் கூசி, பாதியை மறைத்துவிடும் பெற்றோர் பலர்.

மருத்துவரிடம் கேட்பதற்கு ஐந்து வினாக்களைத் தாளில் எழுதி வையுங்கள். இம்மருந்து பயன்தருகிறதா என்பதை எதைக்கொண்டு அறிவோம்? எத்தனை நாளில் அறிவோம்? ஒரு வேளை தவறினால் என்ன செய்வது? எவற்றோடு இதைச் சேர்க்கக் கூடாது? என் மருந்தளவைச் சோதிக்கத் தேவை உண்டா?

தவறிய வேளைகளை மறைக்காதீர்கள். நீங்கள் கிழமைக்கு மூன்று நாள் மட்டும் எடுத்த குளிசையை, ஏழு நாளும் எடுத்ததாக மருத்துவர் எண்ணினால், மருந்து தோற்றுவிட்டது என முடிவு செய்வார். அதைவிட வலிய மருந்தை எழுதுவார். உண்மையில் தோற்றது மருந்தன்று. அது உடலை எட்டவே இல்லை. விலையினாலோ, பக்கவிளைவினாலோ, மறதியினாலோ, விரதத்தினாலோ தவறியிருக்கலாம். எந்தக் காரணமும் வெட்கத்துக்குரியதன்று. விலை காரணமென்றால் காப்புறுதி பற்றிப் பேசலாம். விரதம் காரணமென்றால் வேளையை மாற்றி அமைக்கலாம். மறதி காரணமென்றால் கிழமைப் பெட்டியில் மருந்தை அடுக்கித் தரும்படி மருந்தகத்தைக் கேட்கலாம்.

மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் உடலைப் பற்றிய முடிவுகள். அவற்றில் உங்களுக்கும் குரல் உண்டு. அந்தக் குரலை வீட்டில் தனியாகக் குளிசைப் போத்தலின் முன்னால் எழுப்பாமல், மருத்துவரின் முன்னாலும் மருந்தாளரின் முன்னாலும் எழுப்புங்கள். இந்த வாரத்திலேயே வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டு, உங்கள் மருந்தாளரிடம் ஒரு முறை காட்டி வாருங்கள்.